கம்பியில் சிக்னல் எப்படிப் போகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிஷ், கேபிள் டிவி லைன் இழுப்பவர்கள், ஆபீஸ்களில் லேன் போடுபவர்கள், அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் பேனல் வயரிங் பார்ப்பவர்கள், ரிச்சி தெருவில் பொருள் வாங்கி வீட்டில் சர்க்யூட் கட்டும் மாணவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கணக்கு கொஞ்சம் வரும். பெருக்கல், வகுத்தல், ஓரிரு இடத்தில் வர்க்கமூலம், அவ்வளவுதான்.

சுவிட்சைப் போட்டதும் எலக்ட்ரான் ஓடிப்போய்தான் பல்பு எரிகிறதா?

இல்லை. 1 சதுர மி.மீ தாமிர ஒயரில் 1 ஆம்பியர் போனால் எலக்ட்ரான்கள் சராசரியாக நகரும் வேகம் ஒரு செகண்டுக்கு 0.07 மி.மீ. ஒரு மீட்டர் கடக்க நாலு மணி நேரத்துக்கு அருகில் ஆகும். நம் வீட்டுக்கு வருவது ஏசி என்பதால் அந்த நகர்வும் கிடையாது. இருந்த இடத்திலேயே ஒரு மி.மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக முன்னும் பின்னும் ஆடுகின்றன.

கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில் பின்படியில் ஒருவர் இடித்து ஏறினால் முன்படியில் தொங்குபவர் உடனே அசைகிறாரே, அந்த மாதிரி போய்ச் சேர்வது நெருக்கடிதான், ஆள் இல்லை. கம்பியில் அந்த நெருக்கடி ஒரு மின்காந்த அலை. அது ஓடுவது தாமிரத்துக்குள் இல்லை. போகும் கம்பிக்கும் திரும்பும் கம்பிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில், அதாவது இன்சுலேஷனில் ஓடுகிறது. தாமிரம் அதற்கு வழிகாட்டும் கரை. கேபிள் வேலையில் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை தாமிரத்தில் இருப்பதில்லை, இந்த இடைவெளியில்தான் இருக்கின்றன. கீழே வரும் பதில்கள் எல்லாமே இதைச் சுற்றித்தான்.

சரி, அந்த அலையின் வேகம் எவ்வளவு?

வெற்றிடத்தில் ஒளி ஒரு நானோ செகண்டில் ஏறக்குறைய 30 செ.மீ போகும். கேபிளில் அதைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்பதை நிர்ணயிப்பது இன்சுலேஷன். கெட்டியான பாலிஎத்திலீன் போட்ட ஆர்ஜி-58 கோஆக்ஸில் (நடுக்கம்பி, அதைச் சுற்றி இன்சுலேஷன், அதன் மேல் ஷீல்டு என்னும் உலோகப் பின்னல் உள்ள கேபிள்) ஒளிவேகத்தில் 66 சதவீதம், அதாவது மீட்டருக்கு 5 நானோ செகண்ட். காற்றுக் குமிழ் கலந்த ஃபோம் இன்சுலேஷன் உள்ள ஆர்ஜி-6 கேபிளில் 82 முதல் 85 சதவீதம், மீட்டருக்கு சுமார் 4 நானோ செகண்ட். லேன் கேபிளில் 65 முதல் 70 சதவீதம்.

கம்பியைத் தடிமனாக்கினால் சிக்னல் வேகமாகப் போகும் என்று சிலர் நினைக்கிறார்கள். தடிமன் கூடினால் இழப்பு குறையும். வேகம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும்.

எல்லாக் கம்பியையும் இப்படிப் பார்க்க வேண்டுமா? வீட்டு வயரிங்கில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லையே?

50 ஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் 6,000 கி.மீ. உங்கள் வீட்டு ஒயர் 30 மீட்டர். ஒரு முனையில் வோல்டேஜ் மாறினால் மறுமுனையும் கூடவே மாறிவிட்டதாக வைத்துக்கொள்ளலாம். அங்கே ஓம் விதி போதும்.

கணக்கை மாற்றுவது சிக்னலின் ஏறும் நேரம். சிக்னல் கீழிருந்து மேலே ஏற எடுக்கும் நேரத்துக்குள் அலை மறுமுனைக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டால் அது சாதாரண ஒயர். அதற்குள் திரும்ப முடியாவிட்டால் அது டிரான்ஸ்மிஷன் லைன். 74எச்சி வகை ஐசி 5, 6 நானோ செகண்டில் ஏறும். மீட்டருக்கு 5 நானோ செகண்ட் என்றால் அரை மீட்டரைத் தாண்டினாலே ஜாக்கிரதை. ‘என் கிளாக் வெறும் 1 கிலோ ஹெர்ட்ஸ்தானே’ என்பது செல்லாது. செகண்டுக்கு ஒரு தடவை மாறினாலும், மாறும் அந்த விளிம்பு கூர்மையாக இருந்தால் போதும், ரிங்கிங் வரும், அதாவது விளிம்பை ஒட்டி வோல்டேஜ் மேலும் கீழும் ஆடும்.

கேபிள் மேல் 75 ஓம் என்று அச்சடித்திருக்கிறது. மல்டிமீட்டரில் வைத்தால் 75 வரவே மாட்டேன் என்கிறது. கேபிள் டூப்ளிகேட்டா?

கேபிள் சரிதான், மீட்டரும் சரிதான். மீட்டர் அளப்பது கம்பியின் டிசி எதிர்ப்பு. 75 ஓம் என்பது அலை ஓடும்போது அதற்குத் தெரியும் வோல்டேஜுக்கும் கரண்டுக்கும் உள்ள விகிதம். இதைத்தான் இம்பீடன்ஸ் என்கிறோம்.

கேபிளின் ஒவ்வொரு மீட்டருக்கும் கொஞ்சம் இண்டக்டன்ஸ் (கரண்ட் மாறுவதை எதிர்க்கும் குணம்), கொஞ்சம் கெபாசிட்டன்ஸ் (சார்ஜைப் பிடித்து வைக்கும் குணம்) உண்டு. ஆர்ஜி-6 என்றால் மீட்டருக்கு ஏறக்குறைய 300 நானோ ஹென்றி, 53 பிகோ ஃபேரட். முதலாவதை இரண்டாவதால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 75. ஆர்ஜி-58க்கு 250 நானோ ஹென்றி, 100 பிகோ ஃபேரட், விடை 50. இந்தக் கணக்கில் நீளம் வரவே இல்லை, பாருங்கள். ஒரு மீட்டர் வெட்டினாலும் 75 ஓம், ஒரு ரோல் முழுக்க இருந்தாலும் 75 ஓம். நடுக்கம்பியின் தடிமன், அதற்கும் ஷீல்டுக்கும் உள்ள தூரம், நடுவில் உள்ள பொருள் ஆகிய மூன்றும் மாறாதவரை இதுவும் மாறாது. கேபிளை ஆணி அடித்து நசுக்கினாலோ, கதவிடுக்கில் மடித்து விட்டாலோ தூரம் மாறுகிறது, அந்த இடத்தில் மட்டும் இம்பீடன்ஸ் மாறுகிறது. மல்டிமீட்டரில் கன்டினியூட்டி மட்டும் நன்றாகவே காட்டும்.

கடைசி முனையில் டெர்மினேட்டர் எதற்கு?

அலை கிளம்பும்போது மறுமுனையில் என்ன மாட்டியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கேபிளின் இம்பீடன்ஸ் என்ன சொல்கிறதோ அந்த விகிதத்தில் கரண்டை எடுத்துக்கொண்டு ஓடுகிறது. மறுமுனையில் அதே மதிப்பு ரெசிஸ்டர் இருந்தால் (இதுதான் டெர்மினேட்டர்) கொண்டுவந்த ஆற்றல் மொத்தமும் அங்கே செலவாகிவிடும். வேறு மதிப்பு இருந்தால் மிச்சம் திரும்பித்தான் ஆக வேண்டும்.

எவ்வளவு திரும்பும்? முனையில் உள்ள ஓம்ஸிலிருந்து கேபிள் ஓம்ஸைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். முனை திறந்திருந்தால் விடை 1: முழு வோல்டேஜும் அப்படியே திரும்பும். ஷார்ட் என்றால் விடை மைனஸ் 1: தலைகீழாகத் திரும்பும். 50 ஓம் கேபிளில் 75 ஓம் சுமை என்றால் 25ஐ 125ஆல் வகுக்க 0.2, வோல்டேஜில் 20 சதவீதம், பவரில் 4 சதவீதம். இந்த 4 சதவீதம் டிவி பார்க்க ஒரு பொருட்டில்லை. அவசரத்துக்கு 50 ஓம் கேபிளை டிவிக்கு மாட்டியவர் யாரும் கெட்டுப் போகவில்லை. ஆனால் டிரான்ஸ்மிட்டர் பக்கம் இதைச் செய்யாதீர்கள்.

இதைக் கண்ணால் பார்க்க வழி உண்டா?

உண்டு. எலக்ட்ரானிக்ஸ் படிப்பவர்கள் கட்டாயம் ஒரு தடவை செய்து பார்க்க வேண்டிய சோதனை. 20 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள், 74எச்சி14 ஐசி ஒன்று, 220 ஓம் ரெசிஸ்டர் ஐந்து, 10 கிலோ ஓம் ஒன்று, 1 நானோ ஃபேரட் ஒன்று, 100 நானோ ஃபேரட் செராமிக் ஒன்று, 200 ஓம் பிரீசெட் ஒன்று. ஸ்கோப் 50 மெகா ஹெர்ட்ஸாவது வேண்டும். காலேஜ் லேபில் இருப்பது போதும்.

ஐசியில் ஆறு கேட் இருக்கிறது. முதல் கேட்டின் அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு 10 கிலோ ஓம், இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு 1 நானோ ஃபேரட். 100 கிலோ ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு சதுர அலை கிடைக்கும். மீதி ஐந்து கேட்டின் இன்புட்டையும் அந்த அவுட்புட்டில் சேருங்கள். ஐந்து அவுட்புட்டிலும் தலைக்கு ஒரு 220 ஓம் போட்டு, அவற்றின் மறுமுனைகளை ஒன்றாக்கி அங்கே கேபிளை மாட்டுங்கள். கேட்டின் உள்ளேயே 40 ஓம் அளவுக்கு எதிர்ப்பு இருப்பதால் ஐந்தும் சேர்ந்து 50 ஓமுக்குப் பக்கத்தில் நிற்கும். 100 நானோ ஃபேரட்டை 14, 7 பின்களுக்கு ஒட்டியே சால்டர் செய்ய வேண்டும். தள்ளி வைத்தால் விளிம்பு மழுங்கிவிடும். சப்ளை 5 வோல்ட்.

ஸ்கோப் புரோபை 10 மடங்கில் வைத்து, கேபிள் ஆரம்பிக்கும் முனையில் தொடுங்கள். தூரத்து முனை திறந்திருக்கட்டும். வோல்டேஜ் நேராக 5க்குப் போகாது. 2.5 வோல்ட்டுக்கு ஏறி, அங்கே ஒரு படி மாதிரி 200 நானோ செகண்ட் நிற்கும், பிறகுதான் 5க்குத் தாவும். போக 100, வர 100. முனை திறந்திருக்கிறது என்ற சேதி வந்து சேர அவ்வளவு நேரம். இப்போது முனையை ஷார்ட் செய்யுங்கள்: 2.5க்கு ஏறி, 200 நானோ செகண்டில் பூஜ்யத்துக்கு விழும். ஷார்ட்டாக ரொம்ப நேரம் விடாதீர்கள், ஐசி சூடாகும்.

அடுத்து பிரீசெட்டை முனையில் மாட்டி மெல்லத் திருகுங்கள். படி சிறிதாகி, ஓரிடத்தில் மறைந்து 2.5 வோல்ட்டில் தட்டையான கோடு வரும். பிரீசெட்டைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் 50 ஓமை ஒட்டி வரும். கேபிளின் இம்பீடன்ஸை நீங்களே அளந்துவிட்டீர்கள். ஒயர் சுற்றிய பொட்டென்ஷியோமீட்டர் வேண்டாம், அதன் சுருளே இண்டக்டராகிக் குழப்பும். கார்பன் அல்லது செர்மெட் வகை வாங்குங்கள். புரோபின் நீளமான கிரவுண்ட் கிளிப்பும் இதே தொல்லையைத் தரும். விளிம்பில் நெளிவு தெரிந்தால் கேபிளைச் சந்தேகிக்கும் முன் கிளிப்பைக் குட்டையாக்கிப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. கேபிளை நடுவில் வெட்டி, 20 செ.மீ முதலைக் கிளிப் ஒயர்களால் இணைத்துப் பாருங்கள். 100 நானோ செகண்டில் ஒரு சின்னப் புடைப்பு எழும். அந்த இடத்தில் இரண்டு கம்பியும் விலகி நிற்கின்றன, இம்பீடன்ஸ் கூடிவிட்டது. முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட் அலைக்கு எப்படித் தெரிகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

கேபிள் டிவியில் முன்பு நிழல் நிழலாக வரும். இப்போது வருவதில்லை. அப்படியானால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிட்டதா?

அந்த நிழல் இதே எதிரொலிதான். அனலாக் டிவியில் ஒரு வரி திரையைக் கடக்க 52 மைக்ரோ செகண்ட். 50 மீட்டர் ஆர்ஜி-6 கேபிளில் போய்த் திரும்பும் அலை 0.4 மைக்ரோ செகண்ட் தாமதமாக வரும்; 50 செ.மீ அகலத் திரையில் அது 4 மி.மீ வலப்புறம் தள்ளி நிழலாகத் தெரியும். டிஜிட்டலில் செட்டாப் பாக்ஸ் எதிரொலியை ஓரளவு கழித்துவிடுகிறது. அளவு மீறினால் சில சேனல்களில் மட்டும் கட்டம் கட்டமாக உடையும், பக்கத்து சேனல் பளிச்சென்று இருக்கும். ‘ஒரே கேபிளில் இது மட்டும் ஏன்?’ என்று கேட்பார்கள். எதிரொலி சில ஃப்ரீக்வென்சிகளில் கூட்டும், சிலவற்றில் கழிக்கும். அதனால்தான்.

பார்க்க வேண்டிய இடங்கள்: ஸ்ப்ளிட்டரில் உபயோகிக்காத போர்ட்டில் 75 ஓம் டெர்மினேட்டர் இருக்கிறதா, எஃப் கனெக்டரில் பின்னலின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொடுகிறதா, நடுக்கம்பி கனெக்டர் வாயைத் தாண்டி 2, 3 மி.மீ நீட்டிக்கொண்டிருக்கிறதா. முறுக்கி மாட்டும் கனெக்டரைவிட கம்ப்ரெஷன் கனெக்டர் பல மடங்கு மேல்.

டிஷ் லைன் என்றால் ஸ்ப்ளிட்டர் மேல் அச்சடித்ததைப் படியுங்கள். கேபிள் டிவி ஸ்ப்ளிட்டர் 1,000 மெகா ஹெர்ட்ஸோடு நிற்கும். டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் பெட்டியான எல்என்பியிலிருந்து வருவது 950 முதல் 2,150 வரை. அதே கேபிளில் எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட்டும் மேலே போக வேண்டும். டிசி விடாத ஸ்ப்ளிட்டரை மாட்டினால் எதுவும் வராது.

திருவான்மியூர், எண்ணூர் பக்கம் மொட்டை மாடிக் கேபிள் சீக்கிரம் கெட்டுவிடுகிறதே?

உப்புக் காற்றும் மழைத் தண்ணீரும் சேர்ந்து செய்யும் வேலை. பாலிஎத்திலீனுக்கு டைஎலெக்ட்ரிக் எண் (இது கூடினால் கெபாசிட்டன்ஸ் கூடும்) 2.3, தண்ணீருக்கு 80. ஃபோமுக்குள் கொஞ்சம் ஈரம் இறங்கினாலே கெபாசிட்டன்ஸ் எகிறும், இம்பீடன்ஸ் விழும். பின்னல் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். கனெக்டரைக் கழற்றிப் பின்னலை உரித்துப் பாருங்கள். பொடி இருந்தால் அது எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறதோ அதற்கு மேல் அரை மீட்டர் சேர்த்து வெட்டி எறியுங்கள். சுத்தம் செய்து மறுபடி மாட்டுவது வீண் வேலை.

வெளியில் உள்ள ஒவ்வொரு கனெக்டர் மேலும் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். சாதாரண பிவிசி டேப் சித்திரை வெயிலில் பசை இளகி அவிழ்ந்துவிடும். கனெக்டருக்கு முன்னால் கேபிள் ஒரு வளைவு கீழே தொங்கி மேலேறட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

லேன் கேபிளில் நாலு ஜோடியும் டெஸ்டரில் வரிசையாக எரிகிறது. ஆனால் 1,000 எம்பிபிஎஸ் வேகம் வரவில்லை, 100இல் நிற்கிறது. ஏன்?

சீரியல் விளக்கு டெஸ்டர் பார்ப்பது கன்டினியூட்டி மட்டும். முதல் சந்தேகம் பிரிந்த ஜோடி. ஆர்ஜே-45இல் 1-2, 3-4, 5-6, 7-8 என்று அடுத்தடுத்து ஜோடி சேர்த்துக் கிரிம்ப் செய்தால் இரண்டு முனையிலும் ஒரே மாதிரி இருப்பதால் டெஸ்டர் பாஸ் சொல்லும். ஆனால் சிக்னல் போவது 3-6, 4-5 ஜோடிகளில். போகும் கம்பி ஒரு முறுக்கிலும் திரும்பும் கம்பி இன்னொரு முறுக்கிலும் மாட்டிக்கொள்ள, இரண்டு ஜோடியும் ஒன்றின் பேச்சை ஒன்று கேட்க ஆரம்பிக்கும். சரியான வரிசை, பி முறை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு.

இரண்டாவது, முறுக்கை அவிழ்த்த நீளம். 13 மி.மீக்கு மேல் அவிழ்க்கக் கூடாது. ஒயரை நேராக்க வசதியாக 4, 5 செ.மீ அவிழ்த்து வைப்பவர்கள் உண்டு. பார்க்க அழகாக இருக்கும், வேலைக்கு ஆகாது. முறுக்குதான் இங்கே ஷீல்டு.

மூன்றாவது, கேபிளே. அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசியது விலை குறைவாகக் கிடைக்கிறது. பெட்டியில் சிசிஏ என்று இருக்கும், அல்லது எதுவுமே இருக்காது. பிளேடால் கம்பியைச் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அதுதான். 24 கேஜ் அசல் தாமிரம் 100 மீட்டருக்கு 9.4 ஓமுக்குள் இருக்க வேண்டும். இது 13 ஓமுக்கு மேல் போகும். சிக்னல் ஒருவேளை தப்பிக்கும், ஆனால் அதே கேபிளில் கேமராவுக்குக் கரண்ட் கொடுத்தால் இரவில் இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்ததும் கேமரா ரீஸ்டார்ட் ஆகும். ‘ராத்திரி மட்டும் கேமரா போகுது’ என்ற புகார் வந்தால் நேராகக் கேபிளைச் சுரண்டிப் பார்க்கலாம்.

100 மீட்டர் வரம்பு பேட்ச் கார்டையும் சேர்த்து: சுவருக்குள் 90, இரண்டு பக்கமும் சேர்த்து 10.

ஆர்எஸ்-485 லைனில் (பல மீட்டர்களும் கருவிகளும் ஒரே ஜோடி ஒயரில் டேட்டா பேசும் முறை) ஒரு நாள் எல்லா மீட்டரும் வருகிறது, ஒரு நாள் பாதிதான் வருகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

எல்லாக் கருவியையும் ஆஃப் செய்து, ஏ, பி என்ற இரண்டு டேட்டா ஒயர்களுக்கு இடையே மல்டிமீட்டரை வையுங்கள். இரண்டு முனையிலும் தலா 120 ஓம் இருந்தால் 60ஐ ஒட்டிக் காட்டும். 120 காட்டினால் ஒரு டெர்மினேட்டர் இல்லை, அல்லது நடுவில் லைன் அறுந்திருக்கிறது. 40 காட்டினால் மூன்று இருக்கிறது. 15 காட்டினால் எட்டுக் கருவியிலும் யாரோ டெர்மினேட்டரை இணைக்கும் டிப் சுவிட்சை ஆன் செய்திருக்கிறார்கள். டிரைவர் ஐசி 54 ஓம் சுமைக்குத்தான் உத்தரவாதம், 15 ஓமில் வோல்டேஜ் படுத்துவிடும். வண்டிகளில் வரும் கேன் பஸ் என்ற டேட்டா லைனுக்கும் இதே 60 ஓம் சோதனை பொருந்தும்.

அடுத்து லைன் போன வழியைப் பாருங்கள். ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போக வேண்டும். நம் ஊரில் பேனலில் ஒரு டெர்மினல் பிளாக்கில் எல்லாவற்றையும் கூட்டி நட்சத்திரமாகப் பிரிப்பதுதான் வழக்கம், ஏனென்றால் எலக்ட்ரீஷியனுக்குப் பவர் வயரிங் அப்படித்தான் பழக்கம். மூன்று கிளை சேரும் இடத்தில் வரும் அலைக்கு எதிரே இரண்டு 120 ஓம் கேபிள் பேரலலாக, அதாவது 60 ஓமாகத் தெரியும். மூன்றில் ஒரு பங்கு வோல்டேஜ் தலைகீழாகத் திரும்பும். அங்கே டெர்மினேட்டர் போட்டும் பயனில்லை.

ஆனாலும் பல இடங்களில் இந்த நட்சத்திரம் வருஷக்கணக்கில் ஓடுகிறதே என்றால், டேட்டா அனுப்பும் வேகம் (பாட் ரேட்) குறைவு என்பதுதான் காரணம். 300 மீட்டர் லைனில் எதிரொலி போய்வர 3 மைக்ரோ செகண்ட். 9,600 பாட் வேகத்தில் ஒரு பிட் 104 மைக்ரோ செகண்ட். ரிசீவர் பிட்டின் நடுவில்தான் பார்க்கும், அதற்குள் ஆட்டம் பாட்டம் எல்லாம் அடங்கிவிடும். 115,200க்கு மாற்றினால் பிட் 8.7 மைக்ரோ செகண்ட், நடுப்பகுதி 4.3இல். ஒரு எதிரொலி தாண்டிவிட்டது, இரண்டாவது வரும் நேரம். எனவே தகராறு செய்யும் பழைய லைனுக்கு முதல் மருந்து, பாட் ரேட்டைக் குறைப்பது. எனர்ஜி மீட்டர் படிக்க 9,600 தாராளம். அடுத்த மருந்து, மெதுவாக ஏறும் மேக்ஸ்487 போன்ற டிரைவரை மாற்றிப் போடுவது. மேக்ஸ்485 போட்ட அதே பின்களில் உட்காரும்.

யாரும் பேசாத நேரத்தில் லைன் அந்தரத்தில் தொங்கி, குப்பை எழுத்து வந்தால் பயாஸ், அதாவது லைனை ஒரு நிலையில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்கள், வேண்டும். ஒரு முனையில் மட்டும் ஒரு ஒயரிலிருந்து 5 வோல்ட்டுக்கு 560 ஓம், மற்ற ஒயரிலிருந்து கிரவுண்டுக்கு 560 ஓம். நடுவில் 60 ஓமில் கிடைப்பது 250 மில்லிவோல்ட். தேவை 200. 680 போட்டால் 210தான் வரும், நூலிழை.

485க்கு இரண்டு ஒயர் போதும் என்கிறார்களே, மூன்றாவது கிரவுண்ட் ஒயர் எதற்கு? ஷீல்டை எங்கே எர்த் செய்வது?

485 ரிசீவர் தன் கிரவுண்டிலிருந்து மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரைதான் தாங்கும். இரண்டு ஷெட்டின் எர்த்துக்கும் நடுவில் 20 வோல்ட் வித்தியாசம் இருப்பது தொழிற்சாலையில் அதிசயம் இல்லை. கிரவுண்ட் ஒயர் அதைச் சமன் செய்யும். கட்டடம் விட்டுக் கட்டடம் போனால் ஐசோலேட்டட் கன்வெர்ட்டரே சரி.

ஷீல்டு விஷயத்தில் ஒரே விதி எல்லா இடத்துக்கும் பொருந்தாது. சென்சார், ஆடியோ, 4-20 மில்லி ஆம்பியர் மாதிரி மெதுவான சிக்னலுக்கு ஒரு முனையில் மட்டும். கோஆக்ஸில் ஷீல்டே திரும்பும் பாதை, அங்கே இரண்டு முனையும் கட்டாயம்.

ஐ2சி சென்சாரை (டேட்டா, கிளாக் என்ற இரண்டு ஒயரில் பேசுவது) 3 மீட்டர் தள்ளி வைக்கலாமா?

100 கிலோ ஹெர்ட்ஸில் வைக்கலாம், கணக்குப் போட்டு. லைனைச் சப்ளை வோல்டேஜுக்கு இழுக்கும் புல்-அப் ரெசிஸ்டரையும் லைன் கெபாசிட்டன்ஸையும் பெருக்கி 0.85ஆல் பெருக்கினால் ஏறும் நேரம். அது 1,000 நானோ செகண்டுக்குள் இருக்க வேண்டும். லேன் கேபிள் ஜோடி மீட்டருக்கு 50 பிகோ ஃபேரட், 3 மீட்டர் 150, கருவிகள் சேர்த்து 200. 4.7 கிலோ ஓமில் 800 வருகிறது, பிழைத்தது. 2.2 கிலோ போட்டால் நிம்மதி. டேட்டாவையும் கிளாக்கையும் ஒரே ஜோடியில் முறுக்காதீர்கள். ஒவ்வொன்றையும் ஒரு கிரவுண்ட் ஒயரோடு ஜோடி சேருங்கள்.

தூரம் போகப் போக சிக்னல் ஏன் தேய்கிறது?

ஃப்ரீக்வென்சி ஏற ஏற கரண்ட் கம்பியின் தோலுக்கு ஒதுங்குகிறது. 50 ஹெர்ட்ஸில் 9.3 மி.மீ ஆழம் வரை பரவும் கரண்ட், 1 கிகா ஹெர்ட்ஸில் 2 மைக்ரானில் முடிந்துவிடும். அதனால் இழப்பு ஃப்ரீக்வென்சியின் வர்க்கமூலத்தோடு கூடும். ஆர்ஜி-6 கேபிள் 100 மீட்டருக்கு 1 கிகா ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபல் தின்னும், அதாவது நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். 2,150 மெகா ஹெர்ட்ஸில் 30ஐ நெருங்கும். நடுக்கம்பி ஸ்டீல் மேல் தாமிரப் பூச்சாக இருந்தாலும் சிக்னலுக்குக் கவலை இல்லை, தோல் தாமிரம்தானே. எல்என்பிக்குப் போகும் டிசிக்குத்தான் கஷ்டம்; நீளமான லைனில் முழுத் தாமிரம் வாங்குங்கள்.

கேபிள் எங்கே அறுந்தது என்று தோண்டாமல் கண்டுபிடிக்க முடியுமா?

டிடிஆர் கருவி இருந்தால் சுலபம். அது ஒரு பல்ஸ் அனுப்பி எதிரொலி வரும் நேரத்தை அளக்கும். 480 நானோ செகண்டில் வந்தது, கேபிள் வேகம் 66 சதவீதம் என்றால் 47.5 மீட்டர். அதே கருவியில் முந்தைய வேலைக்கு வைத்த 82 சதவீதத்தை மாற்ற மறந்துவிட்டால் 59 மீட்டர் காட்டும். பதினொன்றரை மீட்டர் தள்ளி, மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டில் தவறான இடத்தில் குழி. எப்போதும் நீளம் தெரிந்த அதே ரகக் கேபிளில் ஒரு முறை சரிபார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். எதிரொலி அதே பக்கம் எழுந்தால் அறுப்பு, தலைகீழாக விழுந்தால் ஷார்ட். அகலமாகக் குழைந்து விழுந்தால் தண்ணீர். வடகிழக்குப் பருவமழை முடிந்த பின் இந்த உருவம்தான் அதிகம். டெலிபோன் கேபிளுக்குள் ஜெல்லி அடைப்பதே தண்ணீரை வெளியே நிறுத்தத்தான்.

டிடிஆர் இல்லையா? கெபாசிட்டன்ஸ் அளக்கும் மல்டிமீட்டர் போதும். இரண்டு முனையையும் கழற்றிவிட்டு ஒவ்வொரு பக்கமும் அளங்கள். ஒரு பக்கம் 1.06 நானோ ஃபேரட், மறுபக்கம் 3.18 என்றால் விகிதம் ஒன்றுக்கு மூன்று. மொத்த நீளம் 80 மீட்டர் என்றால் அறுந்தது முதல் முனையிலிருந்து 20 மீட்டரில். மீட்டருக்கு எத்தனை பிகோ ஃபேரட் என்று தெரிய வேண்டியதுகூட இல்லை. சுத்தமான அறுப்புக்கு மட்டும் இது பொருந்தும். தண்ணீர் புகுந்திருந்தால் எண் ஏமாற்றும்.

கடலுக்கடியில் ஆயிரக்கணக்கான கி.மீ கேபிள் எப்படி வேலை செய்கிறது?

சென்னைக்கும் இதற்கும் பழைய உறவு. மதராஸிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்திக் கேபிள் 1871இலேயே வந்துவிட்டது. அந்தக் காலக் கேபிளில் எதிர்ப்பும் கெபாசிட்டன்ஸும்தான் ஆட்சி. நீளம் இரண்டு மடங்கானால் சிக்னல் மழுங்குவது நாலு மடங்காகும் என்று வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, 1850களிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். 1858இல் அட்லாண்டிக் கேபிளில் விக்டோரியா ராணியின் 98 சொற்கள் போய்ச் சேர 16 மணி நேரம் ஆயிற்று. வோல்டேஜைக் கூட்டினால் சரியாகும் என்று 2,000 வோல்ட் ஏற்றியதில் சில வாரங்களில் இன்சுலேஷனே போய்விட்டது. இண்டக்டன்ஸையும் சேர்த்துச் சமன்பாட்டை முழுசாக எழுதியவர் ஆலிவர் ஹெவிசைடு, 1880களில். மேலே நாம் போட்ட 300 நானோ ஹென்றிக் கணக்கு அவர் வழிதான்.

இன்று அதே பாதையில் கண்ணாடி இழை. 2002இல் வந்த ஐ2ஐ கேபிள் சென்னை-சிங்கப்பூர் சுமார் 3,200 கி.மீ, 2020இல் அந்தமானுக்கு ஒன்று போனது. கண்ணாடியில் ஒளியின் வேகம் 68 சதவீதம், ஆர்ஜி-58இல் ஓடும் சிக்னலைவிட இம்மிதான் அதிகம். சிங்கப்பூர் போய்வர 31 மில்லி செகண்ட். எந்தக் கம்பெனி பிளான் வாங்கினாலும் அந்தப் பாதையில் பிங் இதற்குக் கீழே இறங்காது.

ஹைடென்ஷன் லைனுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், ஏனென்றால் அங்கே நீளம் அலைநீளத்தோடு போட்டியிடுகிறது. 300 கி.மீ லைனில் மறுமுனையில் சுமை இல்லாவிட்டால் அங்கே வோல்டேஜ் 5 சதவீதம் ஏறி நிற்கும். அதை இறக்க சப்ஸ்டேஷனில் ரியாக்டர் என்ற பெரிய சுருளை மாட்டுகிறார்கள். நகருக்குள் தரையடிக் கேபிளில் இடைவெளி சில செ.மீதான், கெபாசிட்டன்ஸ் அதிகம். 230 கிலோவோல்ட் கேபிள் கிலோமீட்டருக்கு 3 மெகாவார் (வேலை செய்யாமல் சும்மா போய்வரும் பவரின் அலகு) அளவில் சும்மாவே சார்ஜிங் கரண்ட் இழுக்கும். ரொம்ப நீளமான பாதைக்கு டிசி லாபமாவதில் இதற்கும் பங்கு உண்டு. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் லைன் ஏறக்குறைய 1,765 கி.மீ, கொண்டுவருவது 6,000 மெகாவாட். 50 ஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 1,500 கி.மீ என்பதோடு அந்த நீளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஏசியில் இதை இழுத்திருந்தால் வழி நெடுகச் சப்ஸ்டேஷனும் ரியாக்டரும் வைக்க வேண்டியிருந்திருக்கும்.